ஏத்திவிட ஒரு கை

மீள்வலு ஆணையத்தின் வாசற்படியில் முதல்முறை கால் வைத்தபோதே அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. ணங். இரும்பின் மேல் இரும்பு மெல்ல இறங்குகிற சத்தம். எண்ணி நாலு மூச்சு விட்டால் மறுபடி ஒரு ணங். வரிசையில் அவளுக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். கட்டுப் போட்ட கால், பட்டை கட்டிய கழுத்து, சட்டைக்கையை மடித்துக் குத்திய தோள். ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை.

கவுண்டருக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"சார், அது என்ன சத்தம்?"

"எந்தச் சத்தம்?" என்றார் எழுத்தர். வெளிறிய மனிதர். குரலையும் கோப்புக்குள் வைத்து எடுத்ததுபோல் பேசினார்.

ணங்.

"இதோ, இது."

எழுத்தர் காதைச் சாய்த்துப் பார்த்தார். "ஓ, அதுவா. புதுசா வர்றவங்களுக்குத்தாம்மா கேக்கும். ரெண்டு மாசம் வந்து போங்க, கேக்காது."

அவளுக்கு ரெண்டு மாசம் வந்து போக நேரமில்லை. அவளிடம் இருந்தது மொத்தம் நூற்று எண்பது நாள். அதில் இருபது ஏற்கெனவே கரைந்திருந்தது.

அப்பா சுமைக்காரர். முப்பது வருடமாக ஒரே கிடங்கில் மூட்டை சுமந்தவர். வண்டிக்கும் அடுக்குக்கும் நடுவில் அவர் குனிந்து நின்றால் சரக்கு தானாக நடந்து போய்ச் சேரும் என்று கூட்டாளிகள் அவருக்குப் பாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பகலில் அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு பொதி சரிந்து பாலத்தின் வலது தோளில் இறங்கியது. எலும்பு ஒட்டிக்கொண்டது. நரம்பு ஒட்டவில்லை.

"ஆறு மாசம்மா," என்றார் டாக்டர். "நூத்தி எண்பது நாள்னு வச்சுக்கங்க. அதுக்குள்ள கப்பி மெஷின்ல ஒரு கிலோவுல ஆரம்பிச்சு இழுத்து இழுத்துப் பழக்கினா, நரம்பு தானா வழி கண்டுபிடிச்சுக்கும். அதைத் தாண்டிட்டா அது கை இல்ல. சட்டைக்குள்ள தொங்குற இன்னொரு சட்டை."

கிடங்கு மேலாளர் அவ்வளவு மோசமில்லை. கை கொஞ்சம் அசைந்தால் போதும், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வண்டி எண் குறிக்கிற வேலை தருகிறேன் என்றார். ஆனால் ஆணையத்தின் மீள்வலுச் சான்று வேண்டும். ஆணையம் சான்று தருவது ஆணையம் தேர்ந்தெடுத்த மெஷினில், சொந்த வீட்டில், பயிற்சி செய்தவர்களுக்கு மட்டும். அதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது. 'இல்லந்தோறும் இரும்பு' என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள்.

வீட்டில் அந்தக் கை ஒரு வேண்டாத விருந்தாளியைப் போல் நடந்துகொண்டது. அப்பா திரும்பிப் படுத்தால் அது திரும்பாது. அவர் எழுந்தால் கொஞ்சம் தாமதித்துத்தான் எழும். ஒரு மத்தியானம் அம்மா தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து, "யாரு அங்க?" என்று அதட்டினாள். அப்பா வாசலுக்கு வெளியே போய்விட்டிருந்தார். கதவு விளிம்பில் கை மட்டும் நின்றிருந்தது.

"நான்தான்டி," என்றார் அப்பா வெளியிலிருந்து.

"நீங்க இல்ல. அது," என்றாள் அம்மா.

மகளோ படித்தவள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா அவளைக் கேலியாகவும் பெருமையாகவும் மேடம் என்று கூப்பிடுவார். கிடங்குக்காரர்கள் எந்தக் காகிதம் வந்தாலும் அவளிடம்தான் நீட்டுவார்கள். படிக்கத் தெரிந்தால் போதும், எந்தக் கதவும் திறக்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத்தான் முடியும் என்பதை யாரும் சொல்லவில்லை.

எழுத்தர் ஒரு தடித்த பட்டியலை நகர்த்தினார். "முன்னூத்திப் பன்னெண்டு மெஷின் இருக்கு. நிதானமாப் பாத்துத் தேர்ந்தெடுங்க."

அவள் அங்கேயே நின்று புரட்டினாள். பத்தொன்பதாம் எண்: ஆளுயரச் சட்டம், ஒற்றைக் கப்பி, ஒரு கைப்பிடி, ஒரு கிலோவிலிருந்து ஏறுகிற தட்டுகள், உட்கார ஒரு பலகை. டாக்டர் படம் வரைந்து காட்டிய அதே மெஷின்.

"பத்தொன்பது, சார்."

"அது சரி. மத்த முன்னூத்திப் பதினொண்ணு ஏன் வேண்டாம்?"

"எங்களுக்கு இதுதான் வேணும், சார்."

"வேணுங்கறதுக்குக் காரணம் தேவையில்லம்மா. வேணும்னு யார் வேணாலும் சொல்லலாம். வேண்டாங்கறதுக்குத்தான் காரணம் எழுதணும். ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா, மூணு பிரதி. இல்லாட்டி நாளைக்கே நீங்க வந்து நாப்பத்தேழு ஏன் தரலன்னு கேட்டா நாங்க யாருக்குப் பதில் சொல்றது?"

பதினொரு நாள் எழுதினாள். எண் நாற்பத்தேழு: இது கால்களுக்கானது, அப்பாவுக்கு அடிபட்டது கையில். எண் நூற்றுப் பதின்மூன்று: எங்கள் வீட்டைவிட உயரம். எண் நூற்று அறுபது: இதை இயக்க ஆறு பேர் வேண்டும், நாங்கள் மூன்று பேர், அதில் ஒரு கை குறைவு. எண் இருநூற்றெட்டு: இந்தப் பக்கத்தில் இருப்பது மெஷின் அல்ல, ஆணையத் தலைவரின் புகைப்படம்.

நாற்பதாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. இருநூற்றெட்டுக்கு எழுதிய காரணம் மரியாதைக்குறைவாக இருக்கிறதாம். 'தகுதியிருந்தும் எங்கள் சிறிய வீட்டில் இடமில்லாமையால்' என்று திருத்தி எழுதிக் கொடுத்தாள்.

"இப்பதான் படிச்ச பொண்ணு மாதிரி இருக்கு," என்றார் எழுத்தர்.

ணங் என்றது கட்டடம்.

இதற்கிடையில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் வந்து, சன்னல் கம்பியில் கயிறு போட்டு, ஒரு பக்கம் தண்ணீர் கேனும் மறுபக்கம் ஒரு மரக்கட்டையும் கட்டிவிட்டுப் போனார். அப்பா வலக்கையைக் கட்டையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, இடக்கையால் அதைத் தாங்கித் தாங்கி இழுத்தார். பத்து நாளில் கட்டைவிரல் ஒருமுறை துடித்தது. அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டு, "கொசு கடிச்சிருக்கும்," என்றாள்.

அறுபத்திரண்டாம் நாள் ஆய்வாளர் வந்தார், மெஷின் வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க. அளவு நாடாவை நீட்டினார். நாடா ஒரு சுவரில் தொடங்கி மறு சுவரில் முடிந்தபோதும் பாதிக்குமேல் டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

"பயிற்சியறை எங்க?"

"இதுதாங்க," என்றாள் அம்மா.

"படுக்கையறை?"

"இதுதாங்க."

"சமையலறை?"

"திரும்பி நின்னீங்கன்னா இது சமையலறை."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். பிறகு அவர் கண் சன்னலுக்குப் போனது. கயிற்றைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், முகம் கறுத்தது.

"இது என்ன?"

"அதுவா... மெஷின் வர்ற வரைக்கும்..." என்று இழுத்தாள் அவள்.

"எத்தனை நாளா இழுக்கறார்?"

"பத்து நாளா. விரல் கூட லேசா..."

"விரல் அசைஞ்சுதா?" ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டு நாற்காலி தேடி உட்கார்ந்தார். செத்த வீட்டில் பேசுகிற குரலில் பேசினார். "ஏம்மா, படிச்சிருக்கீங்க. அங்கீகாரமில்லாத வலுவை உடம்புல ஏத்தலாமா? நாளைக்கு எங்க மெஷின்ல இவர் குணமானா, அதுல எவ்வளவு எங்களுது, எவ்வளவு இந்தக் கேனோடதுன்னு நாங்க எப்படிப் பிரிக்கிறது? ஆணையத்துக்கு வர வேண்டிய பேர் ஒரு தண்ணிக் கேனுக்குப் போகலாமா?"

கயிற்றையும் கேனையும் கைப்பற்றி ரசீது கொடுத்தார். ஏறிய வலு இறங்குவதற்காக இருபத்தோரு நாள் கட்டாய ஓய்வு எழுதினார். ஓய்வு முடிந்த அடுத்த நாள் மறுபடி வந்தார். விரலில் ஊசியால் குத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"நல்ல முன்னேற்றம்," என்று எழுதிக்கொண்டு போனார்.

அவளுக்கு இப்போது அந்தச் சத்தம் வீட்டிலும் கேட்கத் தொடங்கியிருந்தது. அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில், குழாய்த் தண்ணீருக்குப் பின்னால், எங்கோ வெகு தொலைவில். நாலு மூச்சுக்கு ஒன்று. ஐந்து மணியானால் நின்றுவிடும். ஆணையத்தின் அலுவல் நேரம் பத்து முதல் ஐந்து வரை என்று பலகையில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அதை நினைத்துப் பயப்படாமல் இருக்கப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் இயலாமைத் தேர்வு.

"அப்பா, ஒரே வார்த்தைதான்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். "முடியலன்னு சொல்லணும். வேற எதுவும் பேசக் கூடாது."

"சொல்லிடறேம்மா."

"எங்க, சொல்லு."

"முடியல."

"சிரிக்காம சொல்லு."

தேர்வறையில் மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். கதவுக்கும் மேசைக்கும் நடுவில் ஐம்பது கிலோ மணல்மூட்டை ஒன்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"உங்களால முடிஞ்சதைத் தூக்குங்க," என்றார் நடுவில் இருந்தவர். "முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. எழுதிக்கறோம்."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கண் மூட்டைமேல் விழுந்துவிட்டது. முப்பது வருடத்தில் அவர் நடைபாதையில் மூட்டையை விட்டுவைத்ததே இல்லை. பின்னால் வருகிற சுமைக்காரனுக்குத் தன் கால் தெரியாது, தடுக்கினால் கழுத்து முறியும்.

"இது வழியில கிடக்கே," என்றார். மூட்டைக்கு முதுகு காட்டித் திரும்பிக் குந்தினார். கதவருகே நின்ற சேவகரைப் பார்த்து, "அண்ணே, சுமக்கிறதை நான் பாத்துக்கறேன். ஏத்திவிட ஒரு கை குடுங்க," என்றார்.

அவர் கேட்ட தோரணைக்கு எந்த மனிதனும் கை கொடுத்துவிடுவான். சேவகரும் கொடுத்தார். அப்பா இடக்கையைக் கழுத்துக்குப் பின்னால் வளைத்து மூட்டையைப் பிடித்து எழுந்தார். வலக்கை நனைந்த துண்டு போல் ஆடிக்கொண்டு கூடவே போனது. சுவரோரம் நோகாமல் இறக்கினார். மூட்டையின் மூலைக் காதுகளை நிமிர்த்தி விட்டார். மேசைக்கு முன்னால் வந்து நின்று, மகள் சொல்லிக்கொடுத்தபடி சிரிக்காமல் சொன்னார்.

"முடியலங்க."

மூன்று பேனாக்களும் ஒரே சமயத்தில் எழுதின. 'ஐம்பது கிலோ. முழு வலு. விண்ணப்பதாரர் பொய் சொல்கிறார்.'

வெளியே வந்ததும் அவள் நடைபாதை என்றும் பார்க்காமல் கத்தினாள். "ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா, மூட்டையைச் சுமந்துட்டு நிக்கறியே!"

"சொன்னேனேம்மா."

"சுமந்துட்டு முடியலன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"சுமந்தது முதுகு. முடியாதது கை. அவங்க கேட்டது கையைத்தானே?" அப்பா உண்மையாகவே குழம்பியிருந்தார். "அவங்க அதிகாரிங்க. அதுகூடவா தெரியாது?"

மேல்முறையீடு செய்தாள். அதற்கு அறுபத்தாறு நாள். அந்த அறுபத்தாறு நாளில் கையின் நிறம் மாறியது. முதலில் விரல்நுனிகள், பிறகு மணிக்கட்டு வரை, சாம்பல் பூசியது போல். தொட்டால் குளிர்ந்திருந்தது. அப்பா இப்போது அதைக் கேலி செய்வதில்லை. சில மத்தியானங்களில் இடக்கையால் வலக்கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தட்டுவது போல் தட்டிக்கொண்டிருப்பார்.

நூற்று எழுபத்தெட்டாம் நாள் ஆணையத் தலைவர் அப்பாவையும் அவளையும் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. அதைவிடப் பெரிய மரியாதையாக, மாதிரி இல்லத்துக்கே வரச் சொல்லியிருந்தார்.

எழுத்தர் அவர்களை உட்புற நடைகளின் வழியாக அழைத்துப் போனார். ணங் நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசிக் கதவு திறந்ததும், நூற்று ஐம்பத்தெட்டு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது என்னவென்று தெரிந்தது.

கட்டடத்துக்குள் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். சுவரில் வரைந்த சன்னல், சன்னலில் வரைந்த வானம். ஒரு மூலையில் கையில் டம்ளரோடு ஓர் அம்மா பொம்மை. பக்கத்தில் ஒரு மகள் பொம்மை, இரண்டு உள்ளங்கைகளும் தட்டப் போவது போல் பாதியில் நின்றிருந்தன. நடுவில் பத்தொன்பதாம் எண் மெஷின். அதன் பலகையில் ஒரு மனிதர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். தட்டு ஏறியது. நின்றது. இறங்கியது. ணங். முதலில் அவரையும் பொம்மை என்றே நினைத்தாள். பிறகு அவர் இமைத்தார்.

"இவர்தான் நம்ம மாதிரிப் பயனாளி," என்றார் தலைவர். பட்டியலின் இருநூற்றெட்டாம் பக்கத்தில் இருந்த அதே முகம், கொஞ்சம் உப்பியிருந்தது. "உங்கப்பா மாதிரியே மெஷின் தேர்ந்தெடுக்க வந்தவர். கோப்பு முடியற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு காட்சி மெஷின்ல உட்காரச் சொன்னோம். ஒன்பது வருஷம் ஆச்சு."

"அவர் கை சரியாயிடுச்சா?" என்று அவள் கேட்டாள்.

"பிரமாதமா! இந்தக் கட்டடத்துலயே வலுவான கை அதுதான். ஆனா சான்று தர முடியாது. அது ஆணையத்து மெஷின்ல, ஆணையத்து நேரத்துல வந்த வலு. இங்கதானே இருக்கணும்?"

"இதுவரைக்கும் எத்தனை வீட்டுக்கு சார் மெஷின் போயிருக்கு?"

தலைவர் கேள்வியை ரசித்தார். "ஒன்பது வருஷத்துல எங்க மெஷின் ஒண்ணுகூடப் பழுதுன்னு திரும்பி வந்ததில்ல. அதுலேர்ந்தே தெரிஞ்சுக்கங்க. பாரும்மா, ஒரு மெஷினை ஒரு வீட்டுக்குக் குடுத்தா ஒரே ஆள் பயன்படுவான். இங்க வச்சா எத்தனை பேர் பாத்துப் பயன்படறாங்க! அதோட, குணமானவன் நன்றி கெட்டவன். ஒரு தடவை போனா இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டான். குணமாகாதவங்கதான் தினமும் வராங்க, வரிசையில நிக்கறாங்க, வணக்கம் சொல்றாங்க. அவங்க இல்லாட்டி இவ்வளவு பெரிய ஆணையம் யாருக்காக?"

எழுத்தர் குனிந்து அவள் காதருகே கிசுகிசுத்தார். "மெஷின்ல உட்கார்ந்திருக்கற இவர் வீட்டுக்குப் போறதை நான் பாத்ததில்ல. வர்றதையும் பாத்ததில்ல. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து மட்டும் இருக்கும்."

தலைவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "இவரை மாத்தலாம்னு இருக்கோம். ஆள் பழசாயிட்டார், கண்ணு ரெண்டும் எங்கயோ பாக்குது, வர்றவங்க பயப்படறாங்க. உங்க கோப்பைப் பாத்தேன். நல்ல உடம்பு, பொய் சொன்னாலும் மரியாதையா சொல்றீங்க. நீங்க உட்காருங்க. நியமன உத்தரவு நாலே மாசத்துல வந்துடும்."

"அப்பா வீட்டுக்கு எப்ப சார் வருவார்?"

தலைவர் வரைந்த சன்னலையும் டம்ளர் ஏந்திய பொம்மையையும் கையால் சுட்டிக் காட்டினார். அவள் இன்னும் புரிந்துகொள்ளவில்லையே என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"இதுதானேம்மா வீடு. இதோ மகள்கூட இருக்கா. கை தட்டும். கேள்வி கேக்காது."

அவள் அந்தப் பொம்மையைப் பார்த்தாள். அதன் கண்களுக்கு மேல் தூசி படிந்திருந்தது. பட்டமளிப்பு விழாவில் போர்த்துகிற துண்டு ஒன்றை யாரோ அதன் கழுத்தில் போட்டிருந்தார்கள்.  

மாதிரிப் பயனாளி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனாவது நாள்?" என்று கேட்டார். நெடுநாள் பூட்டியிருந்த அறையைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு குரல்.

"நூத்தி எழுபத்தெட்டு."

அவர் தலையசைத்தார். "எனக்கு மூவாயிரத்து இருநூத்திச் சொச்சம்." ணங்.

அப்பா இவை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மெஷினைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். சட்டத்தைத் தட்டினார், அடிக்கட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தார், கண்ணாலேயே எடை போட்டார்.

"அறுபத்தெட்டு இருக்கும்," என்றார்.

பிறகு மெஷினுக்கு முதுகு காட்டித் திரும்பிக் குந்தினார்.

"அப்பா," என்றாள் அவள்.

"பத்தொன்பதுதானேம்மா நீ எழுதிக் குடுத்தது? இதுதானே அது?"

"அதுதான்."

"அப்ப நாமதானே எடுத்துட்டுப் போகணும். சுமக்கிறதை நான் பாத்துக்கறேன். ஏத்திவிட ஒரு கை வேணும்."

அவள் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு பக்கம் எழுந்தது, மறு பக்கம் எழவில்லை. எழுத்தரைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார், அவை எந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்று யோசிப்பது போல. தலைவர், "என்ன பண்றீங்க?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்தது. இப்படி ஒரு விண்ணப்பத்தை அவர் பார்த்ததே இல்லை.

அப்போது மாதிரிப் பயனாளி கைப்பிடியை விட்டார்.

தட்டு இறங்கியது. ணங். நாலு மூச்சு கழிந்தது. அடுத்தது வரவில்லை.

கட்டடம் முழுவதும் தட்டச்சு நின்றது. நடைகளில் கதவுகள் திறந்தன. ஒன்பது வருடமாக அந்தச் சத்தம் கேட்காத அத்தனை பேருக்கும் அது நின்றது கேட்டது. வரிசையில் இருந்தவர்கள்கூடத் தலையைத் திருப்பினார்கள்.

மாதிரிப் பயனாளி எழுந்து வந்து சட்டத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். அந்தக் கட்டடத்திலேயே வலுவான கை. மெஷின் இறகு போல் எழுந்து அப்பாவின் முதுகில் அமர்ந்தது.

"ஓரம்!" என்றார் அப்பா.

பாரம் சுமந்து வருகிறவன் "ஓரம்" என்றால் ஒதுங்காத மனிதன் கிடையாது. தலைவர் ஒதுங்கினார். ஒதுங்கிய பிறகுதான் தான் தலைவர் என்பது அவருக்கு நினைவு வந்தது. அதற்குள் அப்பா நடைக்கு வந்துவிட்டார். "ஓரம்... ஓரம்..." அதிகாரிகள் கோப்புகளை நெஞ்சோடு அணைத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் கதவைக்கூடத் திறந்து பிடித்துக்கொண்டார். கூடவே நடந்த அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மாதிரி இல்லத்தில் மெஷின் இருந்த வெற்றிடத்தின் முன், தரையில் அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டிருந்தார். வலக்கை மேலே போனது, காற்றைப் பிடித்தது, கீழே இழுத்தது, மெதுவாக விட்டது. அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

வாசலில் தலைவர் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தார், பின்னாலேயே புகைப்படக்காரர். வருகிற வழியிலேயே எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தார்.

"பாத்தீங்களா! இதுதான் ஆணையத்தோட வெற்றி!" என்று வரிசையைப் பார்த்துக் கூவினார். "அறுபத்தெட்டு கிலோ! எங்க மெஷினைத் தொட்டதுமே குணம்! முழு மீள்வலு!"

சான்று அங்கேயே நிரப்பப்பட்டது. அதில் முழு வலு என்றிருந்தால் கிடங்கில் ஸ்டூல் கிடையாது, மறுபடி மூட்டைதான் என்பதை அவள் ஒரே பார்வையில் படித்துவிட்டாள். தலைவர் அதை அப்பாவின் வலக்கை விரல்களுக்கு நடுவே செருகினார். சாம்பல் நிற விரல்கள் அதைப் பிடிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. படம் எடுத்தார்கள். காற்று வந்தது, காகிதம் கீழே விழுந்தது.

"எடுத்துக்கங்க," என்றார் தலைவர்.

"அதுக்குக் குனிஞ்சா சரக்கு சாயும்," என்றார் அப்பா.

அவள் அதைத் தாண்டி நடந்தாள்.

வீட்டில் அம்மா தையல் மெஷினை மடக்கி இடம் விட்டாள். பத்தொன்பதை நிறுத்தி வைத்த பிறகு, மூன்று பேரும் நிற்க ஓர் ஆளுக்கான இடம்தான் இருந்தது. அப்பா பலகையில் உட்கார்ந்தார். அவள் தட்டுகளில் ஒரு கிலோவுக்கான பின்னைச் செருகினாள். அவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பற்கள் நறநறத்தன. கை தொங்கியது. விளக்கு ஏற்றும் வரை முயன்றார். தட்டு ஒரு நூல்கூட எழவில்லை.

"இரும்பைத்தான் கொண்டுவந்திருக்கீங்க," என்றாள் அம்மா மெதுவாக. "வலுவை எங்க வச்சிருக்காங்களோ."

நூற்று எழுபத்தொன்பதாம் நாள் ஆணையத்துக்கு விடுமுறை. அன்று பகல் முழுவதும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் காது கொடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்குப் பின்னால் கை தனியாகக் கிடந்தது.

நூற்று எண்பதாம் நாள் காலை. அம்மா நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். பலகையில் யாரும் இல்லை.

மணி பத்தடித்தது.

கைப்பிடி தானாகக் கீழே வந்தது. கயிறு முறுக்கேறியது. ஒரு கிலோத் தட்டு மெல்ல ஏறியது, நின்றது, இறங்கியது. ணங்.

அம்மாவின் கையிலிருந்து ஊசி விழுந்தது. நாலு மூச்சு. கைப்பிடி மறுபடி கீழே வந்தது. எங்கோ தொலைவில், ஆணையக் கட்டடத்துக்குள், வரைந்த சன்னலுக்கு முன் காற்றை இழுக்கிற ஒரு கை அவள் கண்முன் எழுந்தது. ணங்.

"யாரு அங்க?" என்றாள் அம்மா. குரல் எழும்பவே இல்லை.

அப்பா எழுந்தார். பயப்பட்டதாகத் தெரியவில்லை. வேலை தொடங்கிவிட்டது, தான்தான் தாமதம் என்கிற மாதிரி அவசரமாகப் போய்ப் பலகையில் உட்கார்ந்தார். இடக்கையால் வலக்கையை எடுத்துக் கைப்பிடிமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சுற்றிவிட்டார்.

கைப்பிடி கீழே வந்தது. கூடவே கை வந்தது. முழங்கை மடங்கியது, தோள் திறந்தது, நூற்று எண்பது நாளாக உறங்கிக் கிடந்த ஏதோ ஒன்று உள்ளே நெட்டி முறிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கை மேலே போனது. மறுபடி கீழே வந்தது.

அப்பாவின் கண்களில் நீர் முட்டியது.

"ஏத்திவிடறாரும்மா," என்றார்.

 ணங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் எண்ணத் தொடங்கி எங்கோ விட்டுவிட்டாள். விரல்களின் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாக ஒரு மணிக்கு மெஷின் நின்றது. ஆணையத்தில் உணவு இடைவேளை.

இடக்கையால் விரல்களைப் பிரித்து எடுக்கப் போன அப்பா பாதியில் நிறுத்தினார். நாலு விரல்கள் சரிந்து விழுந்தன. சுண்டுவிரல் மட்டும் கைப்பிடியை விடவில்லை.